மகன்கள் ரெண்டு பேருக்கும் இப்பவே எழுதி வெச்சிடலாமா?

கேள்வி: எனக்கு 68 வயது, மனைவிக்கு 63. கோபிசெட்டிபாளையம் பக்கம் பண்ணையம். 1984-ல் அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்தபோது பாட்டன் வழி நிலத்தில் 2 ஏக்கர் வந்தது. 1996-ல் 4 ஏக்கர் நானே கிரயம் வாங்கினேன், வீடும் கிணறும் அதில்தான். வங்கியில் 14 லட்சம் டெபாசிட் இருக்கிறது. மூத்தவன் என்னோடு பண்ணையம் பார்க்கிறான். சின்னவன் பெங்களூருவில் வேலையில் இருக்கிறான், பங்கை விற்று வீட்டுக் கடனை அடைக்க நினைக்கிறான். மகளைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்தோம், 40 பவுன் போட்டோம், அது 'எனக்கு ஒண்ணும் வேண்டாம்ப்பா' என்கிறது. மகன்கள் இருவருக்கும் சரிபாதியாகத் தானசெட்டில்மென்ட் எழுதிவிடச் சொல்கிறார் பத்திரம் எழுதுபவர். செய்யலாமா?

பதில்: ஐயா, அப்படியே எழுதாதீர்கள்.

உங்களிடம் இருப்பது ஒரே சொத்து மாதிரி தெரிந்தாலும் சட்டத்தின் கண்ணில் ரெண்டு சொத்து. 4 ஏக்கர் உங்கள் சுயசம்பாத்தியம், யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். பாகத்தில் வந்த 2 ஏக்கர் பூர்வீகம், அதில் பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே பங்கு உண்டு, பிள்ளைகள் என்றால் மகளும் சேர்த்துத்தான். 2005 செப்டம்பர் 9-ல் நடைமுறைக்கு வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தமும் 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பும் இதில் சந்தேகமே வைக்கவில்லை. நீங்கள், மூன்று பிள்ளைகள் என்று நாலு பங்கு, தலைக்கு 50 சென்ட். அந்த 2 ஏக்கரையும் மகன்களுக்கு மட்டும் நீங்கள் தனியாக எழுதினால் நாளைக்கு மகளோ பேரப்பிள்ளையோ கோர்ட்டுக்குப் போனால் நிற்காது.

மகள் 'வேண்டாம்' என்று வாயால் சொன்னது பத்திரம் ஆகாது. 40 பவுன் போட்டதும் நிலத்துப் பங்கைக் கழித்துவிடாது (நம் ஊரில் எல்லாரும் அப்படித்தான் கணக்குப் போடுகிறோம், சட்டம் போடுவதில்லை). நிஜமாகவே வேண்டாம் என்றால் அதுவே மனமுவந்து, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிவு செய்து கொடுக்கட்டும். ஆனால் அதற்கு முன்னால் அந்த 50 சென்ட் இன்றைக்கு என்ன விலை போகும் என்று அதனிடம் சொல்லிவிடுங்கள். தெரியாமல் கையெழுத்துப் போட்டவர்கள்தான் பின்னால் அதிகம் கோபப்படுகிறார்கள்.

அப்புறம், இதுதான் எனக்கு முக்கியம். தானசெட்டில்மென்ட் பதிவாகிவிட்டால், மனசு மாறிவிட்டது என்று நீங்கள் மட்டும் போய் ரத்து செய்ய முடியாது. 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-வது பிரிவில், கவனிக்காத பிள்ளையிடமிருந்து சொத்தைத் திரும்பக் கேட்டு கோட்டாட்சியரிடம் மனுப் போட வழி இருக்கிறது. அதுவும் 'எங்களைப் பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருந்தால்தான் சுலபம், இல்லாவிட்டால் இழுபறி. அதனால் 4 ஏக்கரில் 3 ஏக்கரும் வீடும் கிணறும் கடைசிவரை உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். உங்களுக்குப் பிறகு மனைவி ஆயுள் முழுக்க அனுபவிக்கவும், அப்புறம் பிள்ளைகளுக்குப் போகவும் உயில் எழுதுங்கள். உயிலுக்கு முத்திரைத் தீர்வை கிடையாது, எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். பதிவு கட்டாயம் இல்லை என்றாலும் பதிவு செய்துவிடுங்கள். சாட்சிகள் ரெண்டு பேரும் உங்களைவிட வயதில் சின்னவர்களாக, சொத்தில் சம்பந்தம் இல்லாதவர்களாக இருக்கட்டும்.

மீதி 1 ஏக்கரை மூத்தவனுக்கு இப்போதே எழுதுங்கள் என்பேன். சரிபாதி என்பது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் இத்தனை வருஷம் சம்பளம் இல்லாமல் உங்களோடு மண்ணில் நின்றவனுக்கும் மாதச் சம்பளக்காரனுக்கும் ஒரே அளவு கொடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. காரணத்தை மூன்று பேரையும் உட்கார வைத்துச் சொல்லுங்கள். குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. நிலத்துக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு 30 லட்சம் வந்தால் 30,000 + 10,000, மொத்தம் 40,000 ரூபாயோடு முடிந்தது. எழுதி வாங்கும் மகனுக்கு வருமான வரியும் இல்லை.

சின்னவன் விற்கக் கேட்பது தப்பில்லை, ஆனால் அவன் இப்போது கேட்க முடிந்தது பூர்வீகத்தில் 50 சென்ட் மட்டும். அதை வெளியாள் வாங்கினால் உங்கள் வரப்பில் புது ஆள் வந்து நிற்பார். மூத்தவன் மஞ்சள் விற்ற கையோடு மூன்று தவணையில் பணம் கொடுத்து எடுத்துக்கொள்ளட்டும், அதைப் பாகப்பிரிவினைப் பத்திரத்திலேயே எழுதிவிடலாம். கோபி அளவு நகராட்சி என்றால் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டர் தாண்டிய விவசாய நிலத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது, பக்கத்துப் பேரூராட்சி எல்லையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டெபாசிட்டைத் தயவுசெய்து பிள்ளைகளுக்குப் பிரிக்காதீர்கள். 2 லட்சத்தை ஆஸ்பத்திரிக்கு என்று வங்கியிலேயே விட்டுவிட்டு, 12 லட்சத்தைத் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் மனைவியோடு கூட்டாகப் போடுங்கள். 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 24,600 ரூபாய் வரும், யாரிடமும் கை நீட்ட வேண்டாம். வங்கியில் விடும் பணத்துக்கு நாமினியாக மனைவி பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் நாமினி என்பவர் பணத்தை வாங்குகிறவர்தான், உரிமையாளர் அல்ல, அதனால் இதையும் உயிலில் எழுதுங்கள்.

கடைசியாகக் கிணறு. என்னிடம் வந்த ஒரு குடும்பத்தில் ஏக்கர், சென்ட் எல்லாம் சுத்தமாகப் பிரித்திருந்தார்கள், தண்ணீர் முறையையும் இட்டேரியிலிருந்து (வேலிகளுக்கு நடுவே போகும் பாதை) வண்டி போகும் தடத்தையும் மட்டும் எழுதவில்லை. அண்ணன் தம்பி பத்து வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. மூத்தவனுக்கு வாரத்தில் எத்தனை நாள் முறை, மோட்டார் ரிப்பேர் செலவு யாருக்கு, மின் இணைப்பு யார் பெயருக்கு மாறும், தடம் எத்தனை அடி அகலம், எல்லாம் பத்திரத்தில் வரவேண்டும். அதனால் முதல் வேலையாக வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து, கூட்டுறவுச் சங்கத்துப் பயிர்க்கடனில் நிலம் அடமானத்தில் இருந்தால் அடைத்துவிட்டு, சர்வேயரைக் கூப்பிட்டு அளந்து உட்பிரிவு போடச் சொல்லுங்கள். பத்திர எழுத்தரிடம் அதற்கப்புறம் போகலாம்.