டைல்ஸ் நிறம் மாறி வந்தது, ஷோரூம் கைவிரிக்கிறது: பணத்தைத் திரும்பப் பெற முடியுமா?

கேள்வி: தஞ்சாவூர் அருகே வீடு கட்டுகிறோம். திருச்சியில் ஒரு பெரிய கட்டுமானப் பொருள் ஷோரூமில் ரெண்டுக்கு ரெண்டு விட்ரிஃபைடு டைல்ஸ் 60 பெட்டி வாங்கி 12 நாள் ஆகிறது. ஹாலில் முக்கால்வாசி போட்ட பிறகுதான் கடைசி 11 பெட்டியின் நிறம் வேறு என்று தெரிந்தது. மூன்று முறை நேரில் போனோம். விற்ற பையன் வேறு கிளைக்கு மாறிவிட்டான். மேனேஜர் பார்க்க வரவே இல்லை. "விற்ற பொருள் திரும்ப எடுக்க மாட்டோம், கம்ப்யூட்டரே ஏற்காது" என்கிறார்கள். எங்களிடம் இருப்பது 'எஸ்டிமேட்' என்று போட்ட சீட்டு, அதுவும் மேஸ்திரி பெயரில். பணத்தை என் கணவர் ஜிபே செய்தார். ஏதாவது வழி உண்டா?

பதில்: வழி உண்டு. முதலில் வேலையை நிறுத்துங்கள். அந்த 11 பெட்டியில் ஒரு டைல்ஸைக்கூடத் தரையில் ஒட்டக் கூடாது. "கிரவுட் (டைல்ஸ் இடுக்கை அடைக்கும் கலவை) போட்டா சேர்ந்துரும்" என்று மேஸ்திரி சொல்வார், கேட்காதீர்கள். ஒட்டிவிட்டால், பார்த்துத்தானே போட்டீர்கள் என்று கடையும் கம்பெனியும் ஒரே குரலில் சொல்லும். ஒவ்வொரு பெட்டியிலும் ஷேடு எண் (நிறச் சாயல்), பேட்ச் எண் (தயாரிப்புத் தொகுதி) அச்சிட்டிருக்கும். போட்டு முடித்த டைல்ஸின் காலி அட்டைப்பெட்டிகளையும் தேடி எடுத்து, அவற்றின் எண்களும் இந்த 11 பெட்டியின் எண்களும் பக்கத்துப் பக்கத்தில் தெரியும்படி பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். உங்கள் வழக்கின் பாதி அந்தப் படத்தில் இருக்கிறது.

அடுத்து, கடை சொன்ன காரணங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 தெளிவாகவே சொல்கிறது: குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுத்தால் அது நியாயமற்ற வணிக நடைமுறை. சுவரில் எவ்வளவு பெரிய எழுத்தில் "திரும்பப் பெற இயலாது" என்று எழுதி வைத்தாலும் இந்த உரிமை போகாது. டைல்ஸ் உடையவில்லையே, இதில் என்ன குறை என்பார்கள். ஒரே ஷேடு என்று சொல்லி விற்றுவிட்டு இரண்டு ஷேடு அனுப்பினால் சொன்ன தரத்தில் குறைவு, அதுவும் குறைதான். உங்களுக்கு இன்னும் 18 நாள் இருக்கிறது. அதற்குள் எழுத்தில் கேட்டுவிட வேண்டும்.

"கம்ப்யூட்டர் ஏற்காது" என்பதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. ஜிஎஸ்டி சட்டத்தில் சரக்கு திரும்பி வந்தால் கிரெடிட் நோட் (பில் தொகையில் கழித்துத் தரும் சீட்டு) போடத் தனியாகப் பிரிவே உண்டு. மாதா மாதம் மொத்த வியாபாரிகளோடு அதைச் செய்துகொண்டிருக்கிற கடைக்கு, உங்கள் 11 பெட்டிக்கு மட்டும் தெரியாமல் போகாது.

இப்போது உங்கள் சீட்டுக்கு வருகிறேன். என்னிடம் வரும் கட்டுமானப் பொருள் புகார்களில் அதிகம் பார்ப்பது இந்த 'எஸ்டிமேட்' சீட்டைத்தான். அது பில் கிடையாது. "ஜிஎஸ்டி பில் வேண்டாம்னா 18 சதவீதம் மிச்சம்" என்று ஆசை காட்டித் தருவார்கள். மிச்சமானது போலத் தோன்றும், பிரச்சினை வந்ததும் இந்தச் சரக்கு எங்கள் கடையில் வாங்கியதே இல்லை என்பார்கள். பயப்படாதீர்கள், பில் கொடுக்க வேண்டிய கடமை கடைக்காரருடையது. பில் தராததையே நுகர்வோர் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. உங்கள் கணவரின் வங்கிக் கணக்கு விவரம், வண்டியில் சரக்கு ஏற்றியபோது தந்த சீட்டு, விற்பனையாளரோடு பேசிய வாட்ஸ்அப், எல்லாம் சாட்சிதான்.

மேஸ்திரி பெயரில் சீட்டு இருப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. பல கடைகளில் கூட்டி வரும் மேஸ்திரிக்கும் பிளம்பருக்கும் பில் தொகையில் கமிஷன் உண்டு. அந்தக் கணக்குக்காகவே அவர் பெயரில் எழுதுகிறார்கள். கமிஷன் வாங்கியவர் உங்களுக்காகக் கடையோடு சண்டை போடுவாரா? நேர்மையான மேஸ்திரிகளும் இருக்கிறார்கள், ஆனால் சட்டத்தில் இதற்கு வேறொரு விளைவும் இருக்கிறது. மறுவிற்பனைக்கோ வணிக நோக்கத்துக்கோ வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார். சொந்தக் கையால் தொழில் செய்து பிழைக்க மட்டும் வாங்கியவருக்கு விலக்கு உண்டு, உதாரணமாக ஒரு தச்சர் தனக்காக வாங்கும் டிரில் மெஷின். ஆனால் உங்கள் டைல்ஸை மேஸ்திரி தன் தொழிலுக்கு வாங்கினார் என்று எதிர்த்தரப்பு வக்கீல் முதல் நாளே ஆரம்பிப்பார். வாங்கியவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான் என்று பதில் சொல்லலாம். ஆனாலும் அந்த வாதத்திலேயே சில வாய்தாக்கள் போய்விடும். அதைத் தவிர்க்க, இன்றே மேஸ்திரியிடம் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: "இந்த டைல்ஸை வீட்டு உரிமையாளருக்காக, அவர்கள் பணத்தில், அவர்கள் வீட்டுக்கு வாங்கினேன்." தேதியும் கையெழுத்தும் போதும். அவர் தயங்கினால் ஏன் என்று உங்களுக்கே புரிந்துவிடும்.

அப்புறம் கடைக்கு ஒரு கடிதம். தமிழிலேயே எழுதலாம், வக்கீல் நோட்டீஸ் கட்டாயமில்லை. என்ன வாங்கினீர்கள், எப்போது, ஷேடு எண்கள் என்ன, எத்தனை முறை போனீர்கள் என்று எழுதி, 15 நாளுக்குள் அதே ஷேடில் 11 பெட்டி, இல்லையென்றால் பணம், கூடவே வேலை நின்றதால் கொடுத்த கூலி என்று கேளுங்கள். ஸ்பீடு போஸ்ட்டில் கடைக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் அனுப்புங்கள். நிறுவனத்தின் தொலைபேசியும் மின்னஞ்சலும் டைல்ஸ் பெட்டியிலேயே இருக்க வேண்டும். இணையத்தில் தேடிக் கிடைக்கும் 'கஸ்டமர் கேர்' எண்ணை மட்டும் கூப்பிடாதீர்கள். போலி எண் வைத்து, பணம் திருப்பித் தருகிறோம் என்று ஓடிபி கேட்டுக் கணக்கைக் காலி செய்கிற கூட்டம் இருக்கிறது.

அதோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள், தமிழில் பேசலாம். அவர்களால் உத்தரவு போட முடியாது, ஆனால் கிளை மேனேஜரைத் தாண்டித் தலைமை அலுவலகத்துக்கு விஷயம் போகும். பல சமயம் அதுவே போதும்.

போதாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். திருச்சிக்கு அலைய வேண்டாம், நீங்கள் வசிக்கும் தஞ்சாவூரிலேயே போடலாம். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். ஆணைய வாசலில் "நான் முடித்துத் தருகிறேன், வருவதில் பாதி" என்று சொல்பவர்களிடம் ஒரு தாளையும் கொடுக்காதீர்கள்.

எத்தனை நாளாகும் என்றுதான் அடுத்து கேட்பீர்கள். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து 3 மாதம், பரிசோதனை தேவைப்பட்டால் 5 மாதம் என்று சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. நான் ஆஜராகும் வழக்குகளில் அந்தக் கெடுவுக்குள் முடிந்தவை மிகக் குறைவு. தலைவர் பதவி காலி, உறுப்பினர் பதவி காலி, இன்று அமர்வு இல்லை என்று வாய்தா மேல் வாய்தா. 2021-இல் ஆணையங்களின் காலியிடங்களைப் பற்றி உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து வழக்கு எடுக்க வேண்டியிருந்தது. கடைக்கும் இந்தத் தாமதம் தெரியும், அதனால்தான் மேனேஜர் பார்க்க வருவதில்லை. வீடு கட்டுகிறவரால் பாதித் தரையோடு எவ்வளவு காலம் காத்திருக்க முடியும்?

ஆகவே ஒன்று சொல்கிறேன். கடிதம் போனபின் கடை இறங்கி வந்து, அதே ஷேடு இப்போது இல்லை என்று சொன்னால், அந்த 11 பெட்டியைத் தனியாக ஒரு படுக்கையறைக்குப் போட முடியுமா என்று அளந்து பாருங்கள். ஒரு பெட்டி சுமார் பதினைந்தரை சதுர அடி. சேதாரம் கழித்துப் பத்துக்குப் பதினைந்து அறைக்குச் சரியாக இருக்கும். ஹாலில் மிச்சமுள்ள இடத்துக்கு, படுக்கையறைக்கென்று பழைய ஷேடு பெட்டிகள் வைத்திருந்தால் அவற்றை எடுத்துக்கொள்ளலாம். கடை அதற்கு விலையில் கழித்துத் தரும் தொகையை, உங்கள் பெயரில் ஜிஎஸ்டி பில்லும் கிரெடிட் நோட்டும் கைக்கு வந்த பிறகு மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். அதுவரை மேஸ்திரியைப் பூச்சு வேலையைப் பார்க்கச் சொல்லுங்கள்.