ரியல் எஸ்டேட் தொழிலுக்கு சமூக வலைதளமும் வலைப்பூவும் உண்மையிலேயே உதவுமா?

கேள்வி: வீடு, மனை வாங்கி விற்றுக் கொடுக்கும் தொழிலைச் சிறிய அளவில் செய்கிறேன். ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் தினமும் பதிவு போடுகிறேன். லைக் வருகிறது, ஆள் வரவில்லை. வலைப்பூ எழுதினால் பலன் இருக்குமா?

பதில்:

இருக்கும். ஆனால் இப்போது போடுகிற அதே பதிவுகளை வலைப்பூவுக்கு மாற்றினால் இருக்காது. நானும் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். எங்கள் அலுவலகத்தின் வலைப்பூவையும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களையும் நான்தான் கவனித்துக்கொள்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

வீடு வாங்குகிறவர் பெரும்பாலும் வாழ்நாளில் ஒரு முறையோ இரண்டு முறையோதான் வாங்குகிறார். சேர்த்து வைத்ததை எல்லாம் போட்டு, போதாததற்கு நீண்ட காலக் கடனும் எடுக்கிறார். அவர் மனதில் ஆசை எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு பயமும் இருக்கிறது. பத்திரத்தில் ஏதாவது சிக்கல் இருக்குமா, முன்பணம் கொடுத்த பிறகு விற்பவர் பின்வாங்கினால் என்ன ஆகும், சொல்கிற சதுர அடியில் சுவரும் படிக்கட்டும் சேர்த்தியா, மாதாமாதம் பராமரிப்புக்கு எவ்வளவு போகும் என்று ஆயிரம் கேள்விகள். நேரில் கேட்டால் விவரம் தெரியாதவர் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சத்தில், வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு கூகுளில் தட்டிப் பார்க்கிறார். அந்த நேரத்தில் உங்கள் பக்கத்தில் இருப்பதோ "அரிய வாய்ப்பு, இன்றே முந்துங்கள்". அவர் தேடுவது அங்கே இல்லை, அதனால் லைக் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்.

என்னைக் கேட்டால், இந்த மார்க்கெட்டிங்கில் முக்கியமான வேலை ஒன்றுதான்: வாங்குகிறவர் உங்களுக்கு போன் செய்வதற்கு முன் மனதில் வைத்திருக்கும் கேள்விக்கு, போன் செய்யாமலே பதில் கிடைக்கும்படி எழுதி வைப்பது. பதில் கிடைத்துவிட்டால் நம்மை எதற்குத் தேடி வரப்போகிறார் என்று தோன்றலாம். நான் பார்த்தவரை நேர்மாறாகத்தான் நடக்கிறது. படித்துவிட்டு வருகிறவர் பாதி நம்பிக்கையோடு வருகிறார். பேச்சு நேராக அந்த வீட்டைப் பற்றியே தொடங்குகிறது.

எழுத விஷயம் கிடைக்கவில்லை என்று பலர் சொல்கிறார்கள். உங்கள் போனிலேயே கிடக்கிறது. கடந்த சில வாரங்களில் வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் கேட்டதை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு கேள்வியும் ஒரு கட்டுரை. அவர்கள் கேட்ட அதே வார்த்தைகளையே தலைப்பாக வையுங்கள், தேடும்போதும் அப்படித்தான் தட்டுவார்கள்.

சதுர அடியையே எடுத்துக்கொள்வோம். கார்பெட் ஏரியா (வீட்டுக்குள் நாம் புழங்குகிற தரைப் பரப்பு) என்றால் என்ன என்று விளக்கம் மட்டும் எழுதினால் அது ஏற்கெனவே ஆயிரம் இடங்களில் இருக்கிறது. நீங்கள் ஒரு அறையை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். 10 அடிக்கு 12 அடி அறை, 120 சதுர அடி. 10 அடிப் பக்கத்தில் 6 அடி அகலக் கட்டிலைச் சுவரை ஒட்டிப் போட்டால் மிச்சம் 4 அடி. எதிர்ச்சுவரில் 2 அடி ஆழத்துக்கு அலமாரி வைத்தால் நடக்க 2 அடிதான் இருக்கும், அலமாரிக் கதவைத் திறந்தால் அதுவும் இருக்காது. இதைப் படிக்கிறவர் தன் கட்டிலை உடனே அளந்து பார்ப்பார். இப்படி எழுத, வீடுகளுக்குள் நடந்து பழகிய ஆளால்தான் முடியும். கூகுளும் தன் தேடல் முடிவுகளின் தரத்தைச் சோதிப்பவர்களுக்கான வழிகாட்டியில், எழுதியவருக்கு நேரடி அனுபவம் இருக்கிறதா என்பதையும் 2022 டிசம்பரில் சேர்த்தது. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வாங்கி அப்படியே ஒட்டுகிற கட்டுரையில் அந்த அனுபவம் இருக்காது.

அடுத்தது பகுதிவாரிக் கட்டுரைகள். நீங்கள் வேலை செய்கிற ஒவ்வொரு பகுதிக்கும் ஒன்று எழுதுங்கள். தண்ணீர் எப்படி, காலை நேரத்தில் பிரதான சாலைக்குப் போக எவ்வளவு நேரம், பெருமழையில் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும், இரவில் சத்தம் எப்படி என்று குறைகளையும் சேர்த்தே எழுத வேண்டும். இங்கேதான் பலர் தயங்குகிறார்கள். ஆனால் குறையைச் சொல்லாத கட்டுரையை யாரும் நம்புவதில்லை. நீங்கள் மறைத்தாலும் வீடு பார்க்க வருகிறவர் பக்கத்து வீட்டில் விசாரிக்கத்தான் போகிறார். அதை முதலில் உங்கள் வாயிலிருந்து கேட்டிருந்தால், நீங்கள் சொல்லும் மற்றதையும் நம்புவார். நான் ஆசைப்பட்டு எழுதுவது இந்தக் கட்டுரைகளைத்தான். அடிக்கடி தூசு தட்டிப் புதுப்பிப்பதும் இவற்றைத்தான்.

சரி, இதையெல்லாம் ஃபேஸ்புக்கிலேயே எழுதலாமே, தனியாக வலைப்பூ எதற்கு? ஃபேஸ்புக் பதிவு இரண்டு மூன்று நாளில் கீழே போய்விடும், பிறகு நீங்களே தேடினாலும் கிடைப்பது கஷ்டம். வலைப்பூக் கட்டுரை கூகுள் தேடலில் ஏற சில மாதங்கள் ஆகலாம், ஆனால் ஏறிவிட்டால் வருடக்கணக்கில் ஆள் கொண்டுவரும். இன்னொன்று, தளங்கள் மூடப்படும். ஆர்குட் 2014-லும், பொதுமக்களுக்கான கூகுள் ப்ளஸ் 2019-லும் போய்விட்டன. அங்கே சேர்த்த நண்பர்களும் பதிவுகளும் அவற்றோடு போயின. அதனால் சொந்த டொமைன் பெயர், அதாவது உங்களுக்கென்று ஒரு இணைய முகவரி, வாங்கி அதில் எழுதுங்கள். வலைப்பூ நடத்த வேர்ட்பிரஸ், பிளாகர் என்று எந்தச் சேவையானாலும் சரி, முகவரி உங்களுடையதாக இருக்க வேண்டும்.

சமூக வலைதளங்களின் வேலை அந்தக் கட்டுரைக்கு ஆளை அழைத்து வருவது. எல்லாத் தளத்திலும் இருக்க வேண்டியதில்லை, ஒழுங்காகக் கவனிக்க முடிகிற இரண்டு போதும். ஒரு கட்டுரையிலிருந்து ஒரு குறிப்பை எடுத்து ஒரு நிமிட வீடியோவில் பேசுங்கள். இன்ஸ்டாகிராமில் படத்துக்குக் கீழே எழுதும் இணைப்பை அழுத்தித் திறக்க முடியாது, அதனால் இணைப்பைச் சுயவிவரத்திலோ ஸ்டோரியிலோ வையுங்கள். பலர் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பார்கள், பேசுவதைத் திரையில் எழுத்தாகவும் காட்டுங்கள். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் (ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக ஒரே நேரத்தில் அனுப்பும் வசதி) அனுப்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். அதனால் முதல் சந்திப்பிலேயே எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள். அவர்கள் விருப்பத்தையும் கேட்டுக்கொண்டு அனுப்புங்கள்.

வீட்டின் வீடியோ எடுக்கும்போது வாசலிலிருந்து தொடங்கி, ஆள் நடந்து வரும் வரிசையிலேயே எடுங்கள். அப்போதுதான் எந்த அறை எங்கே இருக்கிறது என்று புரியும். அகலமான காட்சியை அடக்கும் வைட் ஆங்கிள் லென்ஸில் எடுக்காதீர்கள், அறை உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். நேரில் வந்து பார்த்த அடுத்த நொடி வாடிக்கையாளரின் முகம் மாறிவிடும், அதற்கு அப்புறம் நீங்கள் என்ன சொன்னாலும் எடுபடாது. ஆட்கள் குடியிருக்கிற வீடு என்றால் அனுமதி கேளுங்கள். குடும்பப் படங்கள், குழந்தைகளின் பெயர், பூட்டு, பீரோ எதுவும் படத்தில் விழக்கூடாது. போனில் எடுத்த படத்துக்குள் இடத்தின் துல்லியமான இருப்பிடமும் பதிவாகி இருக்கலாம், கோப்பாக அனுப்புவதற்கு முன் அதை நீக்கிவிடுங்கள். நம்மை நம்பி வீட்டைத் திறந்து விட்டவர்கள் அவர்கள்.

விலையைச் சொல்லிவிடுங்கள். "விலைக்கு இன்பாக்ஸ் வரவும்" என்பதைப் பார்த்து வெறுத்துப் போகாத ஆளே இல்லை. சரியான தொகை சொல்ல முடியாவிட்டால் இதற்கும் இதற்கும் இடையில் என்றாவது எழுதுங்கள். விற்றுப்போன வீட்டை ஆள் இழுப்பதற்காகப் பக்கத்தில் வைத்திருப்பது இன்னும் மோசம். அன்றைக்கே "விற்பனை முடிந்தது" என்று மாற்றிவிட வேண்டும்.

அப்புறம், இதைச் சொல்லாமல் விட மனமில்லை. "இன்னாருக்கு மட்டும்" என்று விளம்பரத்தில் எழுதாதீர்கள். பல நாடுகளில் அது சட்ட விரோதம். அமெரிக்காவில் சிவில் உரிமை அமைப்புகள் தொடுத்த வழக்குகள் 2019-இல் சமரசத்தில் முடிந்தபோது, வீடு, வேலை, கடன் விளம்பரங்களை வயது, பாலினம், அஞ்சல் குறியீடு பார்த்துப் பிரித்துக் காட்டும் வசதியை எடுத்துவிட ஃபேஸ்புக் ஒப்புக்கொண்டது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். வீடு தேடி அலைகிற ஒருவர் தன் பிறப்பைக் காரணம் காட்டி மறுக்கிற வரியை நம் பக்கத்தில் படிக்கக்கூடாது. வீட்டு உரிமையாளர் அப்படி எழுதச் சொன்னால் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

பலன் இருக்கிறதா என்று பார்க்க லைக்கை எண்ண வேண்டாம். அழைக்கிற ஒவ்வொருவரிடமும் "எங்களைப் பற்றி எங்கே பார்த்தீர்கள்?" என்று கேட்டு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அதில் எந்தக் கட்டுரையின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறதோ, அதைப் போலவே இன்னும் எழுதுங்கள். காசு கொடுத்து விளம்பரம் செய்வதாக இருந்தாலும் அந்தக் கட்டுரைக்கே செய்யுங்கள். படித்துவிட்டு ஒருவர் கேள்வி அனுப்பினால் அன்றைக்கே பதில் சொல்லிவிடுங்கள். இரண்டு நாள் கழித்து நீங்கள் பதில் போடும்போது அவர் வேறு யாரோடாவது வீடு பார்க்கப் போயிருப்பார்.