பண்டு என்றால் எவ்வளவு காலத்துக்கு முன்பு?

கேள்வி: ஐயா, 'பண்டு' என்றால் எத்தனை வருடத்துக்கு முன்பு? ஆயிரமா, இரண்டாயிரமா?

பதில்: அந்தச் சொல்லில் வருடக் கணக்கே கிடையாது. 'பண்டைத் தமிழர்', 'பண்டை எகிப்து' என்று பாடப் புத்தகத்தில் படித்துப் பழகியதால், பண்டு என்றதும் நமக்குக் கல்வெட்டும் முதுமக்கள் தாழியும் நினைவுக்கு வருகின்றன. 1083-ஆம் குறளைப் பாருங்கள்: 'பண்டறியேன் கூற்றென் பதனை இனியறிந்தேன்'. எமன் என்றால் என்னவென்று முன்பு தெரியாது, இவளுடைய கண்களைப் பார்த்த பிறகு தெரிந்துகொண்டேன் என்கிறான் காதலன். இங்கே பண்டு என்பது அவளைப் பார்ப்பதற்கு முந்திய காலம், அவ்வளவுதான். அது நேற்றாகக்கூட இருக்கலாம். எதிரே 'இனி' நிற்பதால்தான் பண்டுக்குப் பொருள் கிடைக்கிறது. என்ன அழகான இடம்! திருப்பல்லாண்டில் பெரியாழ்வார் 'பண்டைக் குலத்தைத் தவிர்ந்து' என்பதும் அப்படித்தான். முன்பிருந்த குலத்தை விட்டுவிட்டு என்று பொருள்.

கேள்வி: எங்களுக்கு நாகர்கோவில் பக்கம். பாட்டி 'பண்டு காலத்துல' என்றுதான் பேசுவார். சென்னையில் அதை மலையாளம் என்கிறார்களே?

பதில்: நல்ல தமிழ் அது, தைரியமாகப் பேசுங்கள். மலையாளத்தில் இன்றும் குழந்தைகளுக்குக் கதை சொன்னால் 'பண்டு பண்டு' என்று தொடங்குவார்கள். புறநானூறு 151-இல் பெருந்தலைச் சாத்தனாரும் 'பண்டும் பண்டும் பாடுநர் உவப்ப' என்றுதான் தொடங்குகிறார். இரண்டு மொழிக்கும் பொதுவான சொல். மற்ற ஊர்களில் பெரும்பாலும் எழுத்தோடு நின்றுவிட்டது, உங்கள் வீட்டில் பேச்சிலும் இருக்கிறது. பாட்டியைத் திருத்திவிடாதீர்கள்.

கேள்வி: பண்டைக் காலம், பண்டைய காலம், பண்டையக் காலம். எது சரி?

பதில்: முதல் இரண்டும் சரி. 'பண்டைய' என்று எழுதினால் அடுத்து 'க்' வராது.

கேள்வி: தீபாவளி பண்டு என்கிறார்களே?

பதில்: அது ஆங்கிலத்து ஃபண்டு. இதோடு தொடர்பில்லை.

கேள்வி: 'பண்டு', 'தொன்றுதொட்டு' இரண்டும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. இரண்டையும் மாற்றி எழுதினால் செய்தியே மாறிவிடும். 'தொன்றுதொட்டு இந்த ஊரில் நெசவு நடக்கிறது' என்றால் தறி இன்றும் ஓடுகிறது. 'பண்டு இங்கே நெசவு நடந்தது' என்றால் இப்போது இல்லை என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் இதைப் பார்த்து எழுத வேண்டும். தறி ஓடும் ஊரை ஓய்ந்துபோன ஊராகக் காட்டிவிடக் கூடாது. அப்புறம், 'தொன்றுத்தொட்டு' என்று நடுவில் 'த்' போடாதீர்கள்.