விமர்சகர் கைக்கு முதலில் போன கருவி: காத்திருப்பவர் கோபப்பட வேண்டுமா?

கேள்வி: கையடக்கக் கேம் கருவி ஒன்றுக்கு முழுப் பணத்தையும் கட்டி முன்பதிவு செய்து ஓராண்டுக்கு மேலாகிவிட்டது. விநியோகத் தேதி இரண்டு முறை தள்ளிப்போனது. இப்போது, முப்பது கருவிகளைப் பத்திரிகையாளர்களுக்கும் யூடியூப் விமர்சகர்களுக்கும் அனுப்பிவிட்டதாக நிறுவனம் அறிவித்திருக்கிறது. என்னைப் போலக் காத்திருப்பவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து சண்டை போடுகிறார்கள். "பணம் கட்டியவனுக்கு முதலில் கொடு" என்கிறது ஓர் அணி. "விமர்சனம் வந்தால் நமக்குத்தானே நல்லது" என்கிறது இன்னோர் அணி. யார் சொல்வது சரி? காத்திருக்கலாமா, ரத்து செய்துவிடலாமா?

பதில்: இரண்டாவது அணி பாதி சரி. முதல் அணியின் கோபம் நியாயமானது, ஆனால் அது போய் விழுகிற இடம் தவறு. அந்த முப்பது கருவிகளால் உங்கள் முறை ஒரு நாள்கூடப் பின்னால் போயிருக்காது. நீங்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு தேதிகள்: விமர்சனங்கள் வெளியாகும் நாள், உங்கள் பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை முடிகிற நாள். முதல் தேதி முந்தினால் ஊடகத்துக்குப் போன கருவிகள் உங்களுக்காகவும் வேலை செய்கின்றன. இரண்டாவது தேதி முந்தினால் அவை நிறுவனத்தின் விளம்பரத்துக்கு மட்டுமே.

முதலில் வரிசைக் கணக்கைப் பார்ப்போம். மின்னணுக் கருவி எதுவும் நேரடியாகப் பெருமளவு உற்பத்திக்குப் போவதில்லை. பொதுவாக மூன்று சோதனைக் கட்டங்களைத் தாண்ட வேண்டும். முதல் கட்டத்தில் சர்க்யூட் நினைத்தபடி வேலை செய்கிறதா என்று பார்ப்பார்கள். இரண்டாவதில் வடிவமைப்பைச் சோதிப்பார்கள்: கீழே விழுந்தால் உடைகிறதா, அதிகம் சூடாகிறதா, பட்டன்கள் தேய்கின்றனவா. மூன்றாவதில் உண்மையான அசெம்பிளி வரிசையை ஓடவிட்டு, தொழிற்சாலையால் ஒரே தரத்தில் திரும்பத் திரும்பச் செய்ய முடிகிறதா என்று பார்ப்பார்கள். தொழிலில் இவற்றை ஈவிடி, டிவிடி, பிவிடி என்பார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் சில பத்து முதல் சில நூறு கருவிகள் வரை உருவாகும். விமர்சகர்களுக்குப் போவது பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது கட்டக் கருவிகள்தாம். அவை எப்படியும் செய்யப்பட்டிருக்கும்; பெரும்பாலும் அவற்றை உங்களுக்கு விற்றிருக்க மாட்டார்கள்.

உங்கள் கருவியைத் தடுத்து வைத்திருப்பது வேறு ஏதாவதாக இருக்கும். பிளாஸ்டிக் உறையை வார்க்கும் எஃகு அச்சில் அரை மில்லிமீட்டர் திருத்தம் செய்தால்கூட வாரங்கள் ஓடும். லித்தியம் பேட்டரி உள்ள எதையும் விமானத்தில் அனுப்ப ஐ.நா. 38.3 என்ற சோதனைத் தொகுப்பில் அந்த பேட்டரி தேறியிருக்க வேண்டும். வை-ஃபை, புளூடூத் போல வானொலி அலை வெளியிடும் கருவி என்றால் விற்கும் நாடுகளின் சான்றிதழ் தேவை. சில்லு கிடைக்காவிட்டால் எல்லாமே நின்றுவிடும். இந்தத் தடைகளில் எதுவும், விமர்சகர்களிடமிருந்து முப்பது கருவிகளைப் பிடுங்கி முதல் முப்பது பேருக்குக் கொடுத்தால் விலகப் போவதில்லை. அவர்களுக்கு அடுத்து நிற்பவர் நிலைமை அப்படியேதான் இருக்கும்.

வரிசையை உண்மையாகவே தாண்டுவது எப்படி இருக்கும் என்பதற்கு ஊயா நல்ல உதாரணம். தொலைக்காட்சியில் இணைத்து விளையாடும் சிறு கருவி அது. 2012இல், பொதுமக்களிடம் முன்கூட்டியே பணம் திரட்ட உதவும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் எண்பத்தைந்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது. 2013 ஜூன் 25 அன்று கடைகளில் விற்பனைக்கு வந்தபோது, முந்தைய ஆண்டே பணம் கொடுத்தவர்களில் சிலருக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை. நிறுவனத் தலைவரே பகிரங்கமாக ஆத்திரப்பட்டார். உங்கள் கருவி கடை அலமாரியில் தென்பட்டால், அல்லது புதிதாக ஆர்டர் செய்தவருக்கு உங்களுக்கு முன்பே வந்தால், அப்போது சண்டை போடுங்கள். நானும் உங்கள் அணியில் நிற்பேன்.

ஊடகத்துக்கு முன்கூட்டியே கொடுப்பதால் வாங்குபவருக்கு என்ன கிடைக்கும்? இதற்குச் சாம்சங்கின் முதல் மடிப்புத் திரைக் கைபேசியான கேலக்ஸி ஃபோல்டை விடப் பெரிய சான்று வேண்டியதில்லை. அது 2019 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவில் விற்பனைக்கு வருவதாக இருந்தது. சில நாள்களுக்கு முன் விமர்சகர்கள் கையில் கொடுத்தார்கள். ஓரிரு நாளிலேயே சிலருடைய திரைகள் செத்துப்போயின. திரையின் ஒரு பகுதியாகவே இருந்த மேல் படலத்தை, கடைகளில் ஒட்டித் தரும் பாதுகாப்புத் தாள் என்று நினைத்துச் சிலர் உரித்துவிட்டார்கள். உரிக்காதவர்களுக்கும் சிக்கல் வந்தது. ஒருவருடைய கைபேசியில் கீல் அருகே திரைக்கு அடியில் ஏதோ புடைத்துக்கொண்டு நின்றது. ஏப்ரல் 22 அன்று வெளியீட்டைத் தள்ளிவைத்தார்கள். படலத்தின் ஓரங்களைச் சட்டத்துக்கு அடியில் செருகி, கீலின் இடைவெளிகளை மூடி, செப்டம்பரில்தான் விற்றார்கள். அந்தக் கைபேசியின் விலை ஏறத்தாழ இரண்டாயிரம் டாலர். விமர்சகர்களுக்கு முன்கூட்டிக் கொடுக்காமல் இருந்திருந்தால், அத்தனை பணம் கட்டியவர்கள்தாம் அந்தப் படலத்தை உரித்துப் பார்த்திருப்பார்கள்.

அதே கதையில் இன்னொரு துணுக்கு உண்டு. கருவிகளைப் பிரித்துப் பார்த்து எழுதும் ஐஃபிக்ஸிட் நிறுவனம் அந்தக் கைபேசியையும் பிரித்து, தூசி எப்படி உள்ளே புகுகிறது என்று காட்டியது. அதற்குக் கைபேசியைக் கொடுத்து உதவியவர் மூலமாகச் சாம்சங் கேட்டுக்கொள்ள, கட்டுரையை எடுத்துவிட்டார்கள். முன்கூட்டியே கிடைக்கும் கருவியில் ஒரு கயிறும் சேர்ந்தே வருகிறது என்பதை மறக்க வேண்டாம்.

அதனால் உங்கள் நிறுவனம் அந்த முப்பதையும் யாருக்குக் கொடுத்திருக்கிறது என்று பாருங்கள். திருகாணியைக் கழற்றி உள்ளே பார்ப்பவர், வெப்பமானியை வைத்து அளப்பவர், பேட்டரி தீரும்வரை ஓடவிட்டு நேரம் குறிப்பவர் ஆகியோர் பட்டியலில் இருந்தால் நிறுவனத்துக்குத் தன் கருவி மேல் நம்பிக்கை இருக்கிறது என்று பொருள். பெட்டியைத் திறந்து வியப்பதோடு முடித்துக்கொள்பவர்கள் மட்டுமே இருந்தால், எனக்குச் சந்தேகம் வரும்.

விமர்சனம் வந்த பிறகு அதை எப்படிப் படிப்பது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். விமர்சகர் வைத்திருக்கும் கருவியும் உங்களுக்கு வரப்போகும் கருவியும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அது உங்களுடையதைவிட மோசமாக இருக்கலாம்: கருவியை இயக்கும் உள் மென்பொருளான ஃபர்ம்வேர் முழுமையடையாமல் இருக்கும், பட்டன் ரப்பர் பழைய வார்ப்பாக இருக்கும். நிறுவனங்கள் "இறுதிப் பதிப்பில் சரியாகிவிடும்" என்று சொல்வது இதை வைத்துத்தான். சிறப்பாகவும் இருக்கலாம், அதைத்தான் யாரும் சொல்வதில்லை. முப்பது கருவிகளை மட்டும் அனுப்பும்போது ஒவ்வொன்றையும் கையால் பொறுக்கி, திரையில் புள்ளி இருக்கிறதா என்று சோதித்து, பட்டன்களை அழுத்திப் பார்த்து அனுப்ப முடியும். இருபதாயிரம் அனுப்பும்போது முடியாது. ஆகவே வடிவமைப்பைப் பற்றிய தீர்ப்பை விமர்சனத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்: திரையின் வெளிச்சம், கையில் பிடிக்கும் வசதி, சூடு, எடை, வேகம். உற்பத்தித் தரத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

பிளேடேட் என்ற மஞ்சள் நிறக் குட்டிக் கேம் கருவிக்கு நடந்தது இதற்குப் பொருத்தமானது. பேனிக் நிறுவனத்தின் தயாரிப்பு. பக்கவாட்டில் சுழற்றும் கைப்பிடி ஒன்று இருக்கும். 2021 ஜூலை 29 அன்று முன்பதிவு தொடங்கி, முதல் இருபதாயிரம் கருவிகள் இருபது நிமிடம் போல விற்றுத் தீர்ந்தன. பத்திரிகையாளர்கள் அதற்குள் பயன்படுத்திப் பார்த்துப் பாராட்டி எழுதியிருந்தார்கள். ஆனால் தயாராகி வந்த முதல் ஐயாயிரம் கருவிகளைச் சோதித்தபோது, சிலவற்றின் பேட்டரி அடியோடு வடிந்து மறுபடி உயிர்பெறவே இல்லை. எல்லாவற்றையும் தொழிற்சாலைக்குத் திருப்பி அனுப்பி வேறு நிறுவனத்தின் பேட்டரியைப் பொருத்தினார்கள். கூடவே, அடுத்தடுத்த தொகுதிகளுக்கு வேண்டிய செயலிச் சில்லு கிடைக்காமல், கிடைக்கக்கூடிய வேறு சில்லுக்கு ஏற்ப மதர்போர்டை மாற்ற வேண்டியதாயிற்று. வாடிக்கையாளர்களுக்கு அனுப்பத் தொடங்கியது 2022 ஏப்ரலில். எந்த விமர்சகராலும் இதை முன்னரே கண்டுபிடித்திருக்க முடியாது, ஏனென்றால் பழுது வடிவமைப்பில் இல்லை, வாங்கிப் பொருத்திய பேட்டரியில் இருந்தது. காரணத்தை மறைக்காமல் எழுதியதால் அந்தத் தாமதத்தைப் பலர் பொறுத்துக்கொண்டார்கள். உங்கள் நிறுவனம் இரண்டு முறை தள்ளிப்போட்டபோதும் என்ன காரணம் சொன்னது? "எதிர்பாராத சூழல்" என்று மட்டும் சொல்லியிருந்தால், முப்பது விமர்சனப் பிரதிகளைவிட அதற்காகத்தான் நான் அதிகம் கவலைப்படுவேன்.

இனிப் பணம். ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கேம் கருவிக்கு வால்வ் நிறுவனம் 2021 ஜூலையில் முன்பதிவு வாங்கியபோது கட்டச் சொன்னது ஐந்தே டாலர். டிசம்பரில் வர வேண்டியது இரண்டு மாதம் தாமதமானது. 2022 பிப்ரவரி தொடக்கத்தில் சிலர் முன்னோட்டம் வெளியிட்டார்கள். அப்போது பேச்சு பெரும்பாலும் வன்பொருளோடு நின்றது. பிப்ரவரி 25 அன்று முழு விமர்சனங்கள் வந்தன. அதே நாளில்தான் வரிசையில் முன்னால் இருந்தவர்களுக்கு "இப்போது வாங்கலாம்" என்ற மின்னஞ்சலும் போனது, மூன்று நாள் அவகாசத்தோடு. அதாவது விமர்சனத்தைப் படித்துவிட்டு மீதிப் பணத்தைக் கட்டலாம், அல்லது விலகிக்கொள்ளலாம். ஊடகத்துக்கு முதலில் கொடுத்தார்களே என்று அங்கே பெரிதாகப் புழுங்க வேண்டிய தேவை இருக்கவில்லை. எதிர்முனையில் பண்டோரா என்ற கையடக்கக் கணினி இருக்கிறது. 2008 செப்டம்பர் இறுதியில் முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு முன்பதிவைத் தொடங்கினார்கள். முதல் கருவிகள் வெளியே போனது 2010 மே மாதத்தில். நீங்கள் நிற்பது பண்டோரா பக்கம். அதனால் கூடுதல் எச்சரிக்கை தேவை.

இன்றே நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். கோபத்தைக் கொட்ட வேண்டாம். வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர் கோபத்துக்குத் தயாராக வைத்திருக்கும் பதிலைத்தான் ஒட்டி அனுப்புவார். இப்படி எழுதலாம்:

"என் ஆர்டர் எண் இது. விமர்சகர்களுக்கு அனுப்பிய கருவிகள் இறுதி உற்பத்தி வரிசையில் செய்யப்பட்டவையா, முந்தைய சோதனைத் தொகுதியைச் சேர்ந்தவையா? விமர்சனங்களை வெளியிட அவர்களுக்கு எந்தத் தேதியிலிருந்து அனுமதி? என் ஆர்டர் எந்தத் தொகுதியில் வருகிறது, அந்தத் தொகுதி எப்போது அனுப்பப்படும்? எந்த நாள்வரை ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும்?"

நான்கு கேள்விகளுக்கும் நேரான பதில் வந்து, ரத்து செய்யும் நாள் விமர்சன நாளுக்குப் பிறகு இருந்தால், காத்திருங்கள். விமர்சனத்தைப் படித்த பிறகு முடிவெடுக்கலாம். ரத்து செய்யும் நாள் முன்னதாக இருந்தால், அதை விமர்சனத்துக்குப் பிறகு ஒரு வாரம் வரை நீட்டிக்கும்படி கேளுங்கள். காத்திருப்பவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து சண்டை போடுவதற்குப் பதில் எல்லோருமாகச் சேர்ந்து கேட்க வேண்டியது இதைத்தான். நிறுவனத்துக்கு இதில் செலவும் அதிகம் இல்லை. மறுத்தால், தன் கருவியைப் பற்றி விமர்சகர்கள் என்ன எழுதுவார்கள் என்று அவர்களுக்கே பயம் என்று எடுத்துக்கொள்வேன். அந்த நிலையில் ரத்து செய்வதுதான் என் ஆலோசனை. கருவி நன்றாக இருந்தால் பிறகு கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

பதிலே வராவிட்டால், அட்டை மூலம் பணம் கட்டியிருக்கும் பட்சத்தில் வங்கியிடம் முறையிட வழி உண்டு. பொருள் வந்து சேராத புகாருக்கு விசா விதிகள் பொதுவாக, பொருள் வந்திருக்க வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 120 நாள் தருகின்றன. ஆனால் பணம் கட்டிய நாளிலிருந்து 540 நாள் தாண்டக்கூடாது என்ற உச்சவரம்பும் இருக்கிறது. நீங்கள் கட்டி ஓராண்டுக்கு மேலாகிவிட்டது என்கிறீர்கள்; அந்த உச்சவரம்பு வெகுதூரத்தில் இல்லை. கிக்ஸ்டார்ட்டர் போன்ற தளத்தில் கொடுத்த பணம் என்றால் நிலைமை இன்னும் சிக்கல்; அங்கே நீங்கள் பொருளை வாங்கியவர் அல்லர், திட்டத்தை ஆதரித்தவர் என்றே தளத்தின் விதி சொல்லும். எப்படியானாலும் தேதியைத் தள்ளிப்போட்டு நிறுவனம் அனுப்பிய இரண்டு அறிவிப்புகளையும், பணம் கட்டிய ரசீதையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வங்கி முதலில் கேட்பது அவற்றைத்தான்.