ஆஸ்பத்திரியில் கூடத் தங்குகிறவர்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மாமியாருக்கு 74 வயது. பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. பெண்கள் வார்டில் ராத்திரி ஆண்களைத் தங்க விடுவதில்லை, அதனால் நான்தான் கூட இருக்கிறேன். பார்க்க வந்த நாத்தனாரிடம் அத்தை, "இவ எனக்குச் சோறு தண்ணி தரல, ராத்திரி கையைக் கட்டிப் போட்டுட்டா" என்று சொல்லி அழுதிருக்கிறார். நாத்தனார் வார்டில் எல்லார் முன்னாலும், "எங்கம்மாவ இப்படித்தான் பாப்பீங்களா மதினி?" என்று சத்தம் போட்டுவிட்டார். என் கணவர் வாயே திறக்கவில்லை. மறுநாள் காலையில் அத்தை எதுவுமே நடக்காத மாதிரி, "நீ சாப்பிட்டியாம்மா?" என்று என்னிடம் கேட்கிறார். இனிமேல் நான் அங்கே போய் உட்காருவதா, வேண்டாமா?
- வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: ராத்திரி ஒரு பேச்சு, காலையில் ஒரு பேச்சு என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதை முதலில் டியூட்டி டாக்டரிடம் சொல்லுங்கள், இன்றைக்கே. வயதானவர்களுக்கு, அதிலும் இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆனவர்களுக்கு, திடீரென்று புத்தி தடுமாறுவது அடிக்கடி நடக்கிற ஒன்று. டெலிரியம் என்பார்கள். மயக்க மருந்து, வலி மருந்து, ரத்தத்தில் சோடியம் குறைவது, சிறுநீரில் கிருமி, மலச்சிக்கல், தூக்கமில்லாமை என்று எதனாலும் வரலாம். சாயங்காலத்துக்கு மேல் அதிகமாகும், காலையில் தெளியும். பெரும்பாலும் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரி செய்தால் போய்விடும், சிலருக்குச் சில வாரம் இழுக்கும். டிரிப்ஸ் ஊசி கழன்றுவிடாமல் இருக்கக் கையில் அட்டை வைத்து பிளாஸ்திரி ஒட்டியிருப்பார்கள் இல்லையா, அதுதான் அத்தைக்குக் கையைக் கட்டிப் போட்ட மாதிரி தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவர் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவருக்கு அப்படித்தான் தெரிந்திருக்கிறது, நிஜமாகவே பயந்திருக்கிறார்.

இதை நாத்தனாரிடம் நீங்கள் சொன்னால் சாக்கு சொல்வதாகத்தான் எடுத்துக்கொள்வார். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது அவரையும் கூட நிறுத்தி, டாக்டர் வாயால் கேட்க வையுங்கள். அவரை வரவழைப்பது உங்கள் கணவரின் வேலை, உங்களுடையது இல்லை. அவருடைய அம்மா, அவருடைய தங்கை, நடுவில் அடி வாங்குகிறவர் அவருடைய மனைவி, இதில் அவர் பேசாமல் இருந்தால் அது தங்கை பக்கம் பேசினதாகத்தான் ஆகும். ராத்திரி அவரை விடமாட்டார்கள் என்றால் பகலில் அவர் உட்காரட்டும், நீங்கள் வீட்டுக்குப் போய்க் குளித்து, கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள்.

அப்புறம் நாத்தனாரும் ராத்திரி தங்க வேண்டும். பழிவாங்குவதற்காக இதைச் சொல்லவில்லை, அத்தைக்கே அது நல்லது. புத்தி தடுமாறும்போது பழகிய முகம் பக்கத்தில் இருப்பது பெரிய தெம்பு, பெற்ற மகளைவிடப் பழகிய முகம் ஏது? கண்ணாடியை மாட்டிவிடுங்கள், காது மிஷின் இருந்தால் அதையும், பகலில் ஜன்னல் வெளிச்சம் படும்படி வையுங்கள், இது எந்த ஊர், என்ன கிழமை என்று பேச்சுவாக்கில் சொல்லிக்கொண்டே இருங்கள். "அப்படியெல்லாம் நடக்கல" என்று வாதாடாதீர்கள்.

இனி போகலாமா வேண்டாமா என்றால், போங்கள், ஆனால் முறை வைத்துக்கொண்டு. இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்தவர் நடக்கப் பழகி, தானாக பாத்ரூம் போக வாரக்கணக்கில் ஆகும். ஒரே ஆள் தாங்குகிற வேலை இல்லை இது. ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாகவே இருப்பேன்: குறை சொல்கிற உரிமை கூடத் தங்குகிறவர்களுக்கு மட்டும்தான். பழத்தோடு வந்து அரைமணி நேரம் நின்றுவிட்டுப் போகிறவர்கள் விசாரிக்கலாம், தீர்ப்பு சொல்லக்கூடாது.

கேள்வி: ஷார்ஜாவில் வேலை பார்க்கிறேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மதுரையில் சேர்த்திருக்கிறோம், மூக்கு வழியாகக் குழாயில்தான் உணவு. அக்கா கூட இருக்கிறாள். செலவு முழுக்க நான்தான் அனுப்புகிறேன். தினமும் வேலை முடிந்து போன் போட்டு ரிப்போர்ட் என்ன, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டால் எரிந்து விழுகிறாள். நான் என்ன குறை வைத்தேன்?
- வாசகர், ஷார்ஜா

பதில்: தம்பி, நீங்கள் ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிட்டால் மதுரையில் பத்தரை. வார்டில் விளக்கை அணைத்திருப்பார்கள். படுத்த படுக்கையாக இருப்பவருக்குப் படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், குழாயில் கஞ்சி ஊற்றும்போதும் அதற்குப் பிறகு கொஞ்ச நேரமும் தலையைத் தூக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நுரையீரலுக்குள் போய்விடும். நர்ஸ் இருந்தாலும் இதில் பாதி அக்கா தலையில்தான் விழும். கண்ணை மூடும் நேரத்தில் போன் வந்து, அதுவும் கணக்கு கேட்கிற மாதிரி வந்தால் யாருக்கும் கோபம் வரும்.

பணம் பெரிய விஷயம்தான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அக்காவின் தூக்கத்துக்கும் அந்தப் பணத்தில் கொஞ்சம் ஒதுக்குங்கள். வாரத்தில் சில ராத்திரி சம்பளத்துக்கு ஆள் வைக்கலாம், நம்பிக்கையான ஆளா என்று வார்டு நர்ஸிடம் விசாரித்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு இன்சூரன்ஸ் இருந்தால் அந்தப் பேப்பர் வேலையை நீங்கள் அங்கிருந்தே போனிலும் மெயிலிலும் பார்க்கலாம். டாக்டரிடம் பேசுகிறவர் அக்கா மட்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள், நீங்களும் தனியாக டாக்டரைக் கூப்பிட்டுப் பேசினால் இரண்டு பேரும் வேறு வேறு மாதிரி புரிந்துகொண்டு அதில் ஒரு சண்டை வரும். போனில் முதல் கேள்வி "நீ தூங்கினியாக்கா?" என்று இருக்கட்டும், மனதாரக் கேளுங்கள்.

லீவு கிடைத்தால் டிஸ்சார்ஜ் ஆகிற சமயத்தில் வாருங்கள். சேர்த்த புதிதில் சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்து நிற்பார்கள், வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு ஒருவரும் இருக்கமாட்டார்கள். பக்கவாதத்தில் முதல் மூன்று மாதம்தான் உடம்பு வேகமாகத் தேறுகிற காலம், பிசியோதெரபி விடாமல் நடக்க வேண்டும். அக்காவுக்கு உங்கள் கை தேவைப்படுவது அப்போதுதான்.

கேள்வி: அப்பா ஐசியூவில் அரை மயக்கத்தில் இருக்கிறார். அண்ணன், "நான்தானே பாத்துக்கிட்டேன்" என்று வீட்டுப் பத்திரத்தில் கைநாட்டு வாங்கப் பார்க்கிறான். தடுத்தால் பில் கட்டமாட்டேன் என்கிறான்.
- வாசகி, சேலம்

பதில்: விடாதீர்கள். 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டப்படி, என்ன எழுதியிருக்கிறது என்று புரிந்துகொள்ளும் தெளிவு இல்லாத நேரத்தில் செய்த ஒப்பந்தம் செல்லாது. சொத்துப் பத்திரத்துக்கும் கோர்ட்டில் அந்தக் கேள்விதான் முதலில் வரும், ஐசியூ கேஸ் ஷீட்டே சாட்சியாக நிற்கும். வீடு அப்பா சம்பாதித்ததாக இருந்து, உயில் இல்லாமல் போனால், 1956ஆம் வருட இந்து வாரிசுச் சட்டப்படி அம்மாவுக்கும் பிள்ளைகள் எல்லாருக்கும் சம பங்கு, மகளுக்கும் சேர்த்துத்தான். பில்லுக்கு இப்போதைக்கு ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டி, யார் எவ்வளவு என்று நோட்டில் எழுதி ரசீதோடு வையுங்கள். அதே நேரம் அண்ணன் உண்மையிலேயே பார்த்துக்கொண்டவர் என்றால் அதை நீங்களும் அம்மாவும் அவர் முகத்துக்கு நேரே சொல்லுங்கள், அவர் கையை விட்டு ஆன செலவையும் அந்த நோட்டிலேயே ஏற்றுங்கள். வீட்டில் கூடுதலாக ஏதாவது வேண்டும் என்றால் அப்பா தெளிந்த பிறகு அவரிடமே கேட்கட்டும்.