கத்திரி வெயிலில் ஓவர்கிளாக்: கேளுங்க, சொல்லுதேன்

பாளையங்கோட்டையில என் ரூம்ல இப்ப 36 டிகிரி. அதை மனசுல வச்சுக்கிட்டுக் கேளுங்க. கிராபிக்ஸ் கார்டைக் கம்பெனி வச்ச வேகத்துக்கு மேல கூட்டி ஓட்டுறதுதான் ஓவர்கிளாக். அதைப் பத்தி ஊர் ஊரா வந்த கேள்விக்குப் பதில் சொல்லுதேன். யாரா இருந்தாலும், வேகம் கூட்டுற ஸ்லைடரைத் தொடுறதுக்கு முன்னாடி ஒரு வாரம் சூட்டையும் வாட்டையும் சும்மா பாத்துட்டு வாங்க.

பேட்டை: அண்ணாச்சி, ஆஃப்டர்பர்னர் எங்க எடுக்க? கோர் (சிப்பு ஓடுற வேகம்) எவ்வளவு கூட்டலாம்?

எம்எஸ்ஐ கம்பெனி தளத்துல, இல்லைன்னா குரு3டி தளத்துல. வேற எங்கயும் எடுக்காதீங்க. 2022-ல அதே முகப்போட போலித் தளம் போட்டு வைரஸ் ஏத்துனாங்க. ஆஃப்டர்பர்னர், கார்டோட வேகத்தையும் வோல்ட்டையும் மாத்துற இலவச மென்பொருள். கோரை 15 மெகாஹெர்ட்ஸா கூட்டி, ஒவ்வொரு தடவையும் நீங்க விளையாடுற கேம்லயே அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்க. ஒரே மாடல்ல ரெண்டு கார்டு வாங்கினாலும் ரெண்டும் ஒரே அளவு தாங்காது.

அம்பாசமுத்திரம்: என்விடியா 3060 கார்டு வச்சிருக்கேன். கேம் ஆரம்பிக்கையில 1920 மெகாஹெர்ட்ஸ், அரை மணியில 1850-க்கு இறங்கிருது. கார்டு பழுதா அண்ணாச்சி?

பழுது இல்ல தம்பி. 2012-ல என்விடியா 600 வரிசையோட வந்த ஜிபியு பூஸ்ட் செய்யுற வேலை அது. சூடு ஏற ஏற 15 மெகாஹெர்ட்ஸ் அளவுல படிப்படியா இறக்கும். கார்டோட வழக்கமான சூட்டு வரம்பு 83 டிகிரி வரைக்கும் காத்திருக்காது, அதுக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சிரும். ரூம் 10 டிகிரி கூடினா கார்டும் கிட்டத்தட்ட அதே அளவு கூடும். மார்கழியில ஓடுன செட்டிங் சித்திரையில கிராஷ் ஆகுதுன்னா காரணம் இதுதான்.

நம்ம ஊருக்கு முதல் வேலை அண்டர்வோல்ட், அதாவது அதே வேகத்தைக் கம்மி வோல்ட்ல ஓட்டுறது. ஆஃப்டர்பர்னர்ல கன்ட்ரோல்-எஃப் அமுக்கினா வோல்ட் வளைவு வரும். 925 மில்லிவோல்ட் புள்ளியை உங்களுக்கு வேண்டிய மெகாஹெர்ட்ஸுக்குத் தூக்கி, அதுக்கு வலப்பக்கம் இருக்கிறதை எல்லாம் அதே உயரத்துல தட்டையா வச்சு, டிக் பட்டனைத் தட்டுங்க. கிராஷ் ஆனா 25 மில்லிவோல்ட் கூட்டிக்கிடுங்க.

தென்காசி: ஓவர்கிளாக் கேட்டா வோல்ட்டைக் குறைக்கச் சொல்லுதீங்க. நான் கோர் +150 மெகாஹெர்ட்ஸ் போட்டு ஓட்டுதேன். இது பயந்தவன் வேலை.

சாரல் காத்துல எதுவும் ஓடும். கத்திரியில ஓட்டிட்டு, சூடும் வேகமும் பதிவான உங்க லாக்கைப் போடுங்க.

மேலப்பாளையம்: தென்காசிக்காரர் சொல்லுறதும் நியாயம்தானே? வோல்ட் குறைஞ்சா வேகமும் குறையணும்லா?

குறையாது, அதே மெகாஹெர்ட்ஸை வளைவுலதான் பிடிச்சு வச்சுட்டோமே. சிப்பு தின்கிற வாட், வோல்ட்டோட வர்க்கத்துக்கு ஏத்தாப்ல போகும். 1.05 வோல்ட்டை 0.925 ஆக்கினா, கணக்குப்படி ஐந்துல ஒரு பங்குக்கு மேல மிச்சம். 3060-க்கு வரம்பு 170 வாட். அதுல இடிக்கிற கார்டுக்கு இந்த மிச்சம்தான் பூஸ்ட் இறங்காம நிக்க இடம் கொடுக்கு.

தென்காசி: அப்ப ஏசி போட்டாப் போதுமே?

சூடு இறங்கும், ஒத்துக்கிடுதேன். ஆனா வாட் வரம்பு அப்படியேதான் இருக்கும். உங்க +150-ஐ விடச் சொல்லல. அதையே கம்மி வோல்ட்ல பிடிங்கன்னுதான் சொல்லுதேன். வேகம் உங்களுக்கும் வேணும், எனக்கும் வேணும்.

நாங்குநேரி: மெமரி வேகம் +1200 போட்டும் கிராஷ் ஆகல, ஆனா எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) குறையுது.

மெமரி பிழையைக் கண்டுபிடிச்சுத் தகவலைத் திரும்ப அனுப்பிக்கிட்டு இருக்கு, அதுல நேரம் போகுது. 100 100-ஆ இறக்குங்க, எஃப்பிஎஸ் எங்க உச்சத்துக்கு வருதோ அங்க நிறுத்துங்க.

வள்ளியூர்: என் கார்டுக்கு எவ்வளவு கூட்டலாம்?

பேட்டைக்குச் சொன்னதைப் படிங்க.

களக்காடு: என்விடியா 1650-க்கு எவ்வளவு கூட்டலாம்? பவர் ஸ்லைடர் 100 சதவீதத்தைத் தாண்டல.

முதல் கேள்விக்குப் பதில் மேலயே இருக்கு, மூணாவது தடவை எழுத முடியாது. ஸ்லைடர் விஷயம்: தனி பவர் வயர் இல்லாத 1650, மதர்போர்டு ஸ்லாட்டுல வர்ற 75 வாட்டுலதான் ஓடுது. அதுக்கு மேல கேக்காதீங்க.

ராதாபுரம்: செட்டிங்ஸ்ல வோல்டேஜ் அன்லாக் பண்ணிட்டேன். கூட்டலாமா?

வேண்டாம். கொஞ்சூண்டு மெகாஹெர்ட்ஸுக்காக இந்த வெயில்ல சூட்டை ஏத்தாதீங்க.

உவரி: ஃபேன் சத்தம் தாங்கல. ஏர் புளோயர் அடிக்கலாமா?

அடிக்கலாம். கம்ப்யூட்டரை அணைச்சு, பிளக்கைப் பிடுங்கிட்டு, ஃபேன் சுத்தாம விரலால பிடிச்சுக்கிட்டு அடிங்க. காத்து வேகத்துல சுத்தவிட்டா பேரிங் போயிரும். உங்களுக்குக் கடல் காத்துல உப்பும் சேரும், அதனால மாசம் ஒரு தடவை உள்ள திறந்து பாத்துக்கிடுங்க.