எண் உடையும், எங்கே உடையும்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

147573952589676412927 என்ற எண்ணின் காரணிகளைக் கண்டுபிடிக்க கோல் என்பவர் மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவிட்டாராம். இன்று கணினி கண்மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடுகிறது. வீண் உழைப்புதானே? இதன் இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போனால் 1 வருகிறது, அதற்குப் பொருள் உண்டா? கணக்கில் ஆர்வமுள்ள என் மகளுக்கு எதைப் படிக்கக் கொடுக்கலாம்?

க.

அன்புள்ள க.,

இலக்கக் கூட்டலை விட்டுத்தள்ளுங்கள். 9-ஆல் வகுத்தால் 1 மிஞ்சுகிறது, அவ்வளவுதான்.

‘வீண்’ என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! சில நாட்களாக இந்த எண்தான் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் கோபம் கொஞ்சம் கூடுதலாகவே வருகிறது.

2-இன் 67-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் இது கிடைக்கும். 1644-இல் பிரெஞ்சுத் துறவி மெர்சென் இதைப் பகா எண் என்றார். 1876-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்காஸ் இல்லை என்று நிறுவினார். ஆனால் ஒரு காரணியைக்கூட அவர் காட்டவில்லை. இந்த இடத்தைத் தாண்டி ஓடாதீர்கள். லூக்காஸின் சோதனையை, பின்னாளில் லெமர் என்ற கணிதவியலாளர் எளிமையாக்கிய வடிவத்தில் சொல்கிறேன். 4-இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2-ஐக் கழியுங்கள். நம் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி வர்க்கம், மறுபடி 2. இப்படி 65 முறை. கடைசியில் 0 வந்தால் பகா எண். இங்கே வராது. எண் உடையும் என்பது உறுதியாகிவிட்டது. எங்கே உடையும் என்பதற்கு ஒரு துப்பும் இல்லை! முதன்முதலில் இது புரிந்த அன்று எனக்குத் தூக்கம் போனது.

அந்தத் துப்புக்கு 27 வருடம் ஆனது. காரணி எதுவானாலும் 134-ஆல் வகுத்தால் 1 மிஞ்ச வேண்டும். அந்த வரிசையில் சின்னக் காரணி நிற்கும் இடம் 1445580. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்திருந்தால் ஆயுள் போதாது. கோல் இருபடி எச்சங்களை, அதாவது வர்க்க எண்களை வகுத்தால் மிஞ்சும் மீதிகளை, சல்லடையாக்கிச் சலித்தார். உங்கள் கணினிக்குள் ஓடுவதும் யாரோ உட்கார்ந்து யோசித்த சல்லடைகள்தானே ஐயா? நன்றி சொல்லாவிட்டாலும் ஏளனம் வேண்டாம்.

1903 அக்டோபரில் அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்தில் விடையை வைத்தார்: 193707721 × 761838257287. வாயே திறக்காமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்தார் என்பார்கள். கதையில் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கும்.

கல்லூரி நாட்களில் ஓர் இரவு நானும் பெருக்கிப் பார்த்தேன். சின்ன எண்ணில் 7 மூன்று இடத்தில் வருவதால் 5332867801009 என்று ஒருமுறை கண்டுபிடித்து மூன்று வரியிலும் எழுதிக்கொள்ளலாம் என்று கெட்டிக்காரத்தனமாகத் தொடங்கினேன். நடுவிலிருக்கும் 0-க்கு ஓர் இடம் தள்ளி எழுத மறந்துவிட்டேன். விடை தப்பு. இரண்டாம் தடவை கூட்டலில் சறுக்கினேன். மூன்றாம் தடவை 927 என்று வால் சரியாக விழுந்ததும் மீதி இலக்கங்களைப் பார்க்கவே பயமாக இருந்தது.

மகளுக்குப் புத்தகம் கேட்டிருந்தீர்கள். முதலில் ஒரு கட்டம் போட்ட நோட்டும் இந்த இரண்டு எண்களும் கொடுங்கள். கால்குலேட்டரை நீங்கள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.